முன்னோர் ஊரைக் கண்டறிதல்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் வேற்றூரிலிருந்து வந்தவர்கள். நெல்லைச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்தவர்களும் அவர்களுள் உண்டு. சாலைக் கடைத்தெருவில் சிலர் வணிகம் செய்தனர். சிலர் அரசுப் பணியில் சேர்ந்தனர். அவர்கள் எந்த ஊரினர், எந்த ஆண்டில் வந்தனர் என்று கேட்டால், இன்று பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை. அவ்விடையைத் தேடும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

கணக்கெடுப்பு சொல்வதும் சொல்லாததும்

திருவிதாங்கூர் அரசு 1816, 1836, 1854 ஆகிய ஆண்டுகளில் மக்களை எண்ணியது. 1875இல் மீண்டும் கணக்கெடுப்பு நடந்தது. அதன் அறிக்கையை நாகமையா எழுதினார். அப்போதைய மக்கள்தொகை 23,11,379. ஒரு வட்டத்தில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை அவ்வறிக்கையால் அறியலாம். ஆனால் நம் பாட்டனாரின் பாட்டனார் பெயரை அதில் காண முடியாது. பிற்காலக் கணக்கெடுப்புகளிலும் குடும்பங்களின் விவரம் நமக்குக் கிட்டாது. ஒருவர் தந்த விவரத்தைப் பிறர் பார்வைக்கு வைக்கக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் விதி.

நார்வே மக்களின் தேடல்

பெயர்களுடன் கூடிய கணக்கெடுப்பு கிடைத்தால் தேடல் எளிதாகிவிடுமா? நார்வே நாட்டில் 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே மக்கள் அனைவரின் பெயர்களும் எழுதப்பட்டன. 1825 தொடங்கி ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் அந்நாட்டிலிருந்து அமெரிக்காவிற்குச் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அப்பழைய ஏடுகளில் முன்னோரைத் தேடுகின்றனர். அங்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அக்காலத்தில் நார்வே மக்கள் தம் பெயருடன் தந்தை பெயரையும், வாழ்ந்த பண்ணையின் பெயரையும் சேர்த்து வழங்கினர். வேறு பண்ணைக்குச் சென்றால் அப்பண்ணைப் பெயரும் மாறும். ஆகவே பண்ணையின் பெயரை அறியாதவர்க்கு, ஒரே பெயருடைய பலருள் தம் முன்னோர் யாவர் என்பது விளங்காது.

நம் பெயரில் உள்ள சான்று

தமிழர் பெயர்களிலும் இத்தகைய குறிப்பு உண்டு. முற்காலத்தில் பலர் இரண்டு தலைப்பெழுத்துகளை வழங்கினர். முதலெழுத்து ஊரையும், அடுத்தது தந்தையையும் குறித்தது. ‘நா. மா.’ என்பதில் ‘நா’ நாகர்கோவிலைக் குறிக்கலாம். இன்று பலர் தந்தை பெயரின் எழுத்தை மட்டும் வழங்குவதால், ஊரைக் காட்டும் எழுத்து மறைந்துவிட்டது. பாட்டனாரின் பழைய சான்றிதழில் அது இருக்கக்கூடும்.

‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் அச்சொல் உண்டாயிற்று. நார்வேயிலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை இடும் வழக்கம் இருந்தது.

குடும்ப ஆவணங்கள்

நிலப் பத்திரம், சாதக ஓலை, பள்ளிச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ் ஆகியவை பயன்மிக்க சான்றுகள். அழைப்பிதழில் மூன்று தலைமுறையினர் பெயர்களும் ஊர்ப் பெயரும் சேர்ந்து இருப்பதுண்டு. கிறித்தவக் குடும்பத்தினர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் தேடலாம். பங்குனி உத்திரத்தன்று ஒரு குடும்பம் நெல்லைப் பகுதியிலுள்ள சாஸ்தா கோயிலுக்குத் தவறாமல் செல்லுமாயின், அதன் முன்னோர் அவ்வூரைச் சார்ந்தவராக இருந்திருக்கலாம்.

பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். ஆவணி முதல் டிசம்பர் முடிய அதனுடன் 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1095 ஆவணி என்பது 1919. அதே ஆண்டு மாசி என்பது 1920.

1956 நவம்பர் 1க்கு முன்பு தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் திருவனந்தபுரமும் ஒரே அரசின்கீழ் இருந்தன. ஆதலால் அப்பகுதிகளைப் பற்றிய பழைய அரசு ஏடுகளைத் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்திலும் தேடலாம்.

முதலில் செய்ய வேண்டியது

காப்பகத்திலுள்ள ஏடுகள் நாளையும் இருக்கும். வீட்டிலுள்ள முதியவரின் நினைவில் மட்டும் இருக்கும் ஊர்ப் பெயர் அவருடனேயே மறைந்துவிடும். ஆகவே முதலில் அவரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் குறித்தல் வேண்டும். பின்னர் அச்செய்தியை ஆவணங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அருஞ்சொற்பொருள்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
வழித்தோன்றல் – பின்வரும் தலைமுறையினர்
திரிபு – மாறிய வடிவம்

பயிற்சி
1. கணக்கெடுப்பு அறிக்கையில் முன்னோர் பெயரைக் காண இயலாதது ஏன்?
2. கொல்லம் 1110 தை 20 என்பது எந்த ஆங்கில ஆண்டு?
3. உம் வீட்டு முதியவரிடம் கேட்டு, மூன்று தலைமுறையினரின் பெயர்களையும் ஊர்களையும் அட்டவணையாக எழுதுக.