போற்றப்படும் படமும் பிடிக்காத மனமும்: 'பராசக்தி'யை முன்வைத்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

1952ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் தீபாவளியன்று வெளிவந்த 'பராசக்தி' தமிழ்த் திரைப்பட வரலாற்றில் தனியிடம் பெற்ற படமாகும். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவி மு. கருணாநிதி உரையாடல் எழுத, கிருஷ்ணன் – பஞ்சு இணையர் இயக்கிய இப்படத்தில்தான் சிவாஜி கணேசன் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். இதனைப் போற்றி எழுதப்பட்டவை பல. பிடிக்கவில்லை என்று எழுதியோர் மிகச் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவர் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது நேர்மையாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ்த் திரைப்படமும் சமூகமும் என்னும் பாடத்திற்காக இப்படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவர்களைப் பணித்தோம். ஏறத்தாழ அனைவரும் பாராட்டியே எழுதினர். ஒரு மாணவி மட்டும், படத்தில் வரும் எவரும் தம்முள் பேசிக்கொள்வதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும், அனைவரும் மேடையில் நின்று தம்மை நோக்கியே பேசுவதாகத் தோன்றியது என்றும் எழுதியிருந்தார். 'வரலாற்றுப் பின்னணியை அறியாமல் எழுதப்பட்டது' என ஓரத்தில் குறித்துக் குறைந்த மதிப்பெண் இட்டோம். அதன்பின் பாடத்திற்காக மீண்டும் படத்தைப் பார்த்தபொழுது, அம்மாணவி எழுதியதையே நாமும் நெடுங்காலமாக உள்ளூர உணர்ந்து வந்திருக்கிறோம் என்பது புலப்பட்டது. அவர் செய்த பிழை, நாம் சொல்லத் தயங்கியதைச் சொன்னது மட்டுமே.

புகழ்பெற்ற ஒரு படைப்பைப் பிடிக்கவில்லை என்று கூறுவது எப்பொழுது வெறும் விருப்பு வெறுப்பாக நின்றுவிடுகிறது, எப்பொழுது திறனாய்வாக உயர்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தயக்கத்தின் காரணங்கள்

நம் தலைமுறையினர் பலர் இப்படத்தைக் காண்பதற்கு முன்பே கேட்டவர்கள். இதன் உரையாடல் இசைத்தட்டுகளாக வெளிவந்து பரவியது. எம் தந்தையார் நீதிமன்றக் காட்சியின் உரையாடலை மனப்பாடமாக ஒப்புவிப்பார். திருமண வீடுகளில் உறவினர் கேட்டுக்கொள்ள அவர் எழுந்து நின்று அதனைப் பேசியதை நாம் சிறுவயதில் வியப்புடன் பார்த்திருக்கிறோம். பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய அவருக்குத் தமிழால் எதனையும் சொல்லிவிட முடியும் என்னும் நம்பிக்கையை அளித்தவற்றுள் அவ்வுரையாடலும் ஒன்று. எனவே, இப்படத்தைக் குறை கூறுவது அவரையே குறை கூறுவதாக நமக்குத் தோன்றியது. தமிழர் சிறுபான்மையினராக வாழும் நாடுகளில் இத்தயக்கம் மேலும் வலுப்பெறுகிறது. மொழிப்பற்றும் படைப்பின் மதிப்பும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால், படைப்பை மறுப்பவர் மொழியையே மறுப்பவராகக் கருதப்படுகிறார்.

இப்படத்தின் வரலாற்றுச் சிறப்பை நாம் மறுக்கவில்லை. கோயிலின் பெயரால் நடைபெறும் ஒழுக்கக்கேடு, வறியவரைப் புறக்கணிக்கும் சமூகம், கைம்பெண்ணின் ஆதரவற்ற நிலை ஆகியவற்றைப் பொதுமக்கள் திரளாகக் கூடும் திரையரங்கில் பேசிய துணிவு போற்றத்தக்கது. படத்திற்குத் தடை விதிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தமையே அத்துணிவுக்குச் சான்றாகும். இப்படத்தின் அரசியல் பின்புலத்தை எம். எஸ். எஸ். பாண்டியன் 1991இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆயினும், ஒரு படம் வரலாற்றில் எதனைச் செய்தது என்பதும், அது கலைப்படைப்பாக எவ்வாறு அமைந்துள்ளது என்பதும் வெவ்வேறு வினாக்கள். முதல் வினாவின் விடையை இரண்டாம் வினாவிற்கும் விடையாகக் கொள்வதே நம் வகுப்பறைகளில் நிகழும் தவறு எனலாம்.

சொல்லும் காட்சியும்

நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறல், கூறியது கூறல் ஆகியவற்றையும் வைத்து எண்ணுகிறார். அவர் கூறியது நூலுக்கே உரியதாயினும், இவ்விரு கலைச்சொற்களும் நம் மனக்குறையைத் துல்லியமாகச் சுட்ட உதவுகின்றன.

கைம்பெண்ணாகிய கல்யாணிக்கு நேரும் துன்பங்களை நோக்குவோம். முதலில் ஒரு போக்கிரி, அடுத்து அவள் வேலை செய்யும் வீட்டின் தலைவன், பின்னர் கோயில் பூசாரி என மூவர் அவளிடம் தகாத முறையில் நடக்க முற்படுகின்றனர். மூன்றும் ஏறத்தாழ ஒரே அமைப்புடைய நிகழ்ச்சிகள். முதல் நிகழ்ச்சியில் நாம் அறிந்துகொண்டதற்கு மேல் கல்யாணியைப் பற்றி மூன்றாவதில் அறிந்துகொள்வது மிகக் குறைவு.

உரையாடலின் நிலையும் இத்தகையதே. நீதிமன்றத்தில் குணசேகரன் மட்டும் பேசவில்லை. கல்யாணியும் தன் செயலுக்குரிய காரணத்தைத் தானே எடுத்துரைக்கிறாள். அது படத்தின் சிறப்புகளுள் ஒன்றே. ஆயினும், குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டுத் தானும் சாகத் துணிந்த ஒரு தாயின் சொற்களும், உலகின்மீது சினங்கொண்ட இளைஞன் ஒருவனின் சொற்களும் ஒரே அடுக்குமொழியில், ஒரே எதுகை மோனையில் அமைந்துள்ளன. பெயர்களை நீக்கிவிட்டு உரையாடலை மட்டும் படிப்பவர், பேசுபவர் யாரெனப் பல இடங்களில் பிரித்தறிதல் அரிது. தமிழ்ப் படங்களில் காட்சியைவிடச் சொல்லே மேலோங்கி நிற்பதைத் தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் முன்னரே சுட்டியுள்ளனர். அதற்கு இப்படம் தக்க எடுத்துக்காட்டாகும்.

அக்காலப் படங்கள் அவ்வாறுதான் இருந்தன என்று சிலர் விடை கூறுவர். இவ்விடை முழுமையானதன்று. இரண்டே ஆண்டுகளில், 1954இல், அதே ஏவி.எம். நிறுவனத்திலிருந்து எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 'அந்த நாள்' வெளிவந்தது. சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் அதிலும் நடித்தனர். அதுவும் உலகப் போர்க்காலக் கதையே. பாடலே இல்லாத அப்படத்தில் பாத்திரங்கள் தத்தம் இயல்புக்கேற்பப் பேசுகின்றனர். முகத்தின் நிழலும் அறையின் அமைதியும் அங்குக் கதை சொல்கின்றன. ஆகவே, அக்காலம் வேறு வழிகளுக்கும் இடம் தந்தே இருந்தது. 'பராசக்தி' தனக்குரிய வழியைத் தானே தேர்ந்துகொண்டது. தேர்வு எனில் அதனை மதிப்பிடவும் நமக்கு உரிமை உண்டு.

தெய்வத்தின் இடத்தில் தற்செயல்

நம்மை இதனினும் மிகுதியாக உறுத்துவது கதைக்கோப்பாகும். விதியையும் தெய்வத்தின் பெயரால் நடைபெறும் ஏமாற்றையும் சாடும் படம் இது. ஆனால், கதையை முடித்துவைப்பது எது? ஆற்றில் எறியப்பட்ட குழந்தை விமலாவின் படகில் விழுந்து உயிர் பிழைக்கிறது. அவ்விமலா குணசேகரனின் காதலியாக அமைகிறாள். கல்யாணியின் வழக்கை விசாரிக்கும் நீதிபதி அவளுடைய மூத்த அண்ணனாகவே இருக்கிறார். புராணப் படத்தில் இறுதியில் தெய்வம் தோன்றிச் செய்யும் பணியை இங்குத் தற்செயல் செய்கிறது. சமூகத்தை மாற்றினாலன்றி அவளுக்கு விடிவில்லை என்று வாதிடும் படம், சமூகம் மாறாமலேயே அவளை மீட்டுவிடுகிறது.

மேலும், 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு கைம்பெண் மறுமணத்தை ஆதரித்துத் தீர்மானம் இயற்றியது. அவ்வியக்கத்தின் வழிவந்த இப்படத்தில், இறுதியில் மணவாழ்வு பெறுபவன் குணசேகரனே. கல்யாணி மீண்டும் உடன்பிறந்தோரின் அரவணைப்பிற்குள் வந்துசேர்கிறாள். அவளுடைய எதிர்காலத்தைப் பற்றி அவளிடம் எவரும் கேட்பதில்லை.

கடல் கடந்தோர் நோக்கில்

படம் இரங்கூனில் வாழும் தமிழ்க் குடும்பத்திலிருந்து தொடங்குகிறது. 1941 டிசம்பரில் இரங்கூன்மீது குண்டு வீசப்பட்டதும், 1942இல் சுமார் ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறியதும் வரலாறு. நடந்தே எல்லையைக் கடந்தோருள் பல்லாயிரவர் வழியில் மாண்டனர். அவர்களுள் வயலிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர் மிகப் பலர். படத்தில் இடம்பெறுவது வசதி படைத்த குடும்பம். அதன் நெடுவழிப் பயணமும் விரைவாகக் கடந்து செல்கிறது. போரில் உற்றாரை இழந்த மலாயாத் தமிழரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு, அவ்வழியே முதன்மையான கதையாகப் படுகிறது. ஆனால், படம் தமிழகத்தை நோக்கிப் பேசவே எடுக்கப்பட்டது. ஆதலின், இதனைப் படத்தின் குற்றமாகக் கொள்ளாமல், நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதன் விளைவாகக் கொள்வதே முறை. பிடிக்காமைக்குரிய காரணங்களுள் படைப்பைச் சார்ந்தவை எவை, பார்ப்பவரைச் சார்ந்தவை எவை எனப் பிரித்தறிதல் திறனாய்வின் முதற்படியாகும்.

முடிவுரை

தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்ததைக் கொண்டு முடிவு செய்யுமாறு கூறுகிறார். குற்றத்தை நாடாமல் குணத்தை மட்டும் எண்ணுபவர் அம்முறையின் பாதியையே பின்பற்றுகிறார். வகுப்பறையில் போற்றத்தக்க படைப்புகளைக் கற்பிக்கும்பொழுது மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம் என்பது நம் கருத்து. இப்படைப்பு தன் காலத்தில் எதனைச் செய்தது? அது தான் எடுத்துக்கொண்ட நோக்கத்திற்குத் தன் அமைப்பில் உண்மையாக இருக்கிறதா? அது உங்களைத் தொட்டதா, இல்லையெனில் எக்காட்சியில் உங்களை இழந்தது? மூன்றாம் வினாவிற்கு 'இல்லை' என விடையளிக்கும் மாணவர் காட்சியைச் சுட்டிக் காட்டுவாராயின், அவ்விடைக்கு முழு மதிப்பெண்ணும் உரியதாகும்.

அம்மாணவியின் கட்டுரையை மீண்டும் மதிப்பிடும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. பருவம் முடிந்து அவர் சென்றுவிட்டார். இன்றும் எம் தந்தையார் அந்நீதிமன்ற உரையாடலைப் பேசினால் நாம் விருப்புடன் கேட்போம். அவர் குரலில் அது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. திரையில் பிடிக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்ல நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. நம் மாணவர்களுக்கு அத்தனை காலம் ஆகவேண்டியதில்லை.