படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

மகளைக் கால்பந்து அகாடமியில் சேர்க்கப் போன அந்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. மைதானத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசை. அதன்மேல் ரசீதுப் புத்தகம், ஜெர்சி அளவு குறிக்கும் நோட்டு, ஒரு கட்டுப் படிவங்கள். முன்பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் எழுதி நீட்டினேன். "பின்னாடியும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க மேடம்" என்றார் அங்கிருந்த தம்பி. புரட்டினால் பொடி எழுத்தில் பதினான்கு விதிகள். எனக்குப் பின்னால் ஆறேழு பெற்றோர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மகளோ ஷூ லேஸை இழுத்துக் கட்டிவிட்டுப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து வீடு மாறினோம். மீதி மாதங்களுக்கான பணத்தைக் கேட்டபோது நான்காவது விதியைக் காட்டினார்கள். வேறு அகாடமிக்குப் போக என்ஓசி எனப்படும் தடையில்லாச் சான்று கேட்டபோது பதினோராவது விதியைக் காட்டினார்கள்.

அன்று நான் படிக்காததற்கு அவசரம் மட்டும் காரணமில்லை. கோச் என்றால் குரு, குருவிடம் போய்க் கேள்வி கேட்பதா என்ற கூச்சமும் இருந்தது. நம் வீடுகளில் பலருக்கும் இது உண்டு. கேள்வி கேட்டால் பிள்ளையை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ஆனால் நாம் கட்டணம் கட்டிப் பெறும் பயிற்சி ஒரு சேவை. அதைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல அகாடமி நடத்துகிறவர்கள் கேட்கும் பெற்றோரைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை என்பதைப் பிறகு அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

முதலில் பணம். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முடிந்தவரை மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கட்டுங்கள். கோச்சின் சொந்த எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பினால், அகாடமியின் பெயர் அச்சிட்ட ரசீதை அன்றே கேட்டு வாங்குங்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். "கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற வரி ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் இருக்கும். அதைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். நடத்தாத வகுப்புக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்படி பயிற்சி மையங்களுக்கு நுகர்வோர் ஆணையங்கள் உத்தரவிட்டதுண்டு.

வழியும் எளிதுதான். கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்த வரி இன்னும் ஆபத்தானது: "பயிற்சியின்போது ஏற்படும் எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல." பந்துக்காக இருவர் மோதிக் கணுக்கால் பிசகுவது ஆட்டத்தோடு வருவது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அலட்சியத்தால் வரும் காயம் வேறு. அதற்கு இந்தக் கையெழுத்து கவசமாகிவிடாது. சேவைக் குறைபாடு என்று தாராளமாக ஆணையத்தின் முன் வைக்கலாம்.

எது அலட்சியம் என்று தெரிய வேண்டுமானால் சேர்க்கும் முன் மைதானத்துக்குப் போய் கோல் போஸ்ட்டை ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். தூக்கி வைக்கும் இரும்பு போஸ்ட்டாக இருந்தால், பின்பக்கச் சட்டம் தரையில் முளையடித்தோ மணல் மூட்டை ஏற்றியோ நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் பொடிப் பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்கி ஆடுவார்கள். பிடிமானமில்லாத போஸ்ட் அப்படியே முன்னால் சாயும். அதன் மொத்தக் கனமும் விழுவது தொங்கும் குழந்தையின் தலையிலும் நெஞ்சிலும்தான். பல நாடுகளில் இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுநெறி வெளியிட வேண்டி வந்தது. மகளை இரண்டாவதாகச் சேர்த்த இடத்தில் போஸ்ட் என் கைக்கே ஆடியது. சொன்னேன். மறுநாள் நான்கு மணல் மூட்டைகள் வந்தன. சொன்னதற்காக யாரும் கோபப்படவில்லை.

அதே நடையில் முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெண்பிள்ளை என்றால் உடை மாற்ற உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி அந்தப் பதினோராவது விதி. "மூன்று ஆண்டுகளுக்கு வேறு கிளப்பில் சேரக் கூடாது, மீறினால் இழப்பீடு" என்கிற மாதிரி எழுதியிருக்கும். 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அவர் போடும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே பிள்ளையின் கையெழுத்தைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் கையெழுத்து அப்படியல்ல. அதைப் போடும்முன் யோசியுங்கள். எழுத்து ஒப்பந்தமும், செலவுக்கு மேல் ஊதியமும் பெறுகிறவர்தான் ஃபிஃபா விதிப்படி தொழில்முறை வீரர். மாதக் கட்டணம் கட்டி ஆடும் பிள்ளை அமெச்சூர்தான். தொழில்முறை ஒப்பந்தமே என்றாலும் 18 வயதுக்குட்பட்டவரை 3 ஆண்டுக்கு மேல் கட்டிவைக்க ஃபிஃபா அனுமதிப்பதில்லை. என்ஓசி தர இழுத்தடித்தால் எழுத்தில் கேட்டு, மாவட்டக் கால்பந்துச் சங்கம், மாநிலச் சங்கம், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு என்று வரிசையாக எழுதுங்கள்.

கூட்டமைப்பின் பதிவு முறையை சிஆர்எஸ் என்பார்கள். பிள்ளையை எந்தக் கிளப்பின் பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள், எண் என்ன என்று கேட்டு வாங்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம், நகல் போதும். "ஒரு வயசு குறைச்சுப் போட்டா நேஷனல்ஸ் ஈஸி" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே வந்துவிடுங்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கணக்கிடும் டிடபிள்யூ3 சோதனை இருக்கிறது. மாட்டிக்கொண்டால் சொன்னவர் இருக்க மாட்டார். பிள்ளைதான் தலைகுனிந்து நிற்கும்.

கோச்சுக்குக் கூட்டமைப்பின் டி, சி, பி, ஏ என்று படிநிலை உரிமங்கள் உண்டு. விளம்பரப் பலகையில் உள்ள பெரிய பெயரின் உரிமத்தைப் பார்த்தால் போதாது. உங்கள் பிள்ளையின் அணியோடு தினமும் நிற்கிறவர் யார், அவரிடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

சான்றிதழ், வெளிநாடு என்ற இரண்டு சொற்களைக் கேட்டதும் பெற்றோர் மனம் இளகிவிடுகிறது. தமிழக அரசுப் பணியில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் ஊர் பேர் தெரியாத அமைப்பு 'தேசியப் போட்டி' என்று பெயர் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தரும் தாள் அதற்கு உதவாது. போட்டியை நடத்துவது அங்கீகாரம் பெற்ற சங்கமா என்று முதலில் விசாரியுங்கள். ஸ்பெயினில் ட்ரையல்ஸ், தேர்வானால் அங்கேயே கிளப்பில் சேர்த்துவிடுவோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 18 வயதுக்குட்பட்டவர் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறுவதை ஃபிஃபா பொதுவாகவே தடை செய்திருக்கிறது. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் அந்த நாட்டில் குடியேறியிருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. இந்த விதியை மீறியதற்காக 2014-இல் பார்சிலோனா கிளப்புக்கே வீரர்களை எடுக்கத் தடை விதிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கிளப்பால் முடியாததை நம் தெருமுனை ஏஜெண்ட் முடித்துத் தருவாரா?

உடம்பு விஷயத்தில் மூன்று இடங்களில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, தலை. அடிபட்ட பிள்ளை "ஒண்ணும் இல்ல சார்" என்று சொன்னாலும் அன்று திரும்ப இறங்கக் கூடாது. வாந்தி, தலைவலி கூடுவது, குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம் தெரிந்தால் உடனே மருத்துவமனை. 10 வயது வரையுள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டவே கூடாது என்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் அறிவித்தது. இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கிடையாது. இங்கேயும் கோச்சிடம் அதைக் கேட்கலாம். இரண்டாவது, வெயில். மே மாதத்தில் காலை எட்டரைக்கு மேல் ஓட விடுகிறார்கள் என்றால் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவது, மூட்டு. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவர் மூட்டு ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காலில் ரத்த ஓட்டம் நின்று, காலை இழந்து, சில நாளில் உயிரையும் இழந்தார். இறுக்கமான கட்டினால் நேர்ந்தது என்று அரசே ஒப்புக்கொண்டது. கட்டுப் போட்ட காலில் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, நிறம் மாறினாலோ காலை வரை பொறுக்காதீர்கள். கட்டைப் பிரித்துப் பாருங்கள் என்று சத்தம் போட்டே கேளுங்கள்.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒன்று. பிள்ளை ஆசையாகப் போன இடத்துக்குத் திடீரென்று போக மறுக்கிறது. காரணம் கேட்டால் வயிற்று வலி என்கிறது. கோச் இரவில் தனியாகச் செய்தி அனுப்புகிறார், மசாஜ் என்று தனி அறைக்குக் கூப்பிடுகிறார், வெளியூர்ப் போட்டியில் தன் அறையிலேயே தங்கவைக்கிறார். இவற்றில் எதைக் கண்டாலும் சந்தேகப்படுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். பயிற்சியைப் பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடவே வேண்டாம். வெளியூர்ப் பயணத்துக்கு எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள், பெண்பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் உண்டா, யார் எந்த அறை என்று பெயரோடு எழுதி வாங்குங்கள்.

பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல் முழுக்கக் கேளுங்கள். "நீ ஏன் அப்பவே சொல்லல" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், காவல் நிலையத்துக்கும் போகலாம். போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் சொல்லியாக வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிர்வாகத் தலைவர் மறைத்தால் அவருக்கு ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு புகார் சொன்னவர்மீது வழக்கு வராது. "அகாடமி பேரு கெட்டுடும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று உட்காருகிறவர்களிடம் மறைத்தால் சிறை என்ற இந்த விதியைச் சொல்லுங்கள். பிள்ளை காவல் நிலையப் படி ஏற வேண்டியதில்லை. வாக்குமூலம் வாங்க சீருடை இல்லாமல் வீட்டுக்கு வருவார்கள், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் காவல்துறை தெரிவிக்க வேண்டும்.

அந்த நாட்களில் பெற்றோர் வாட்ஸ்அப் குழு கொதிக்கும். யார் பிள்ளை, எந்த வகுப்பு என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளையின் பெயரோ படமோ பள்ளியோ தெருவோ அதில் வரக் கூடாது. வந்திருந்தால் குழுவை நடத்துகிறவர் உடனே நீக்க வேண்டும். அடுத்த வாரம் அதே மைதானத்துக்கு அந்தப் பிள்ளை மறுபடி பந்தை உதைக்க வரலாம்.