பாதமும் இடுப்பும்



பிறக்கும்போதே பாதம் உட்புறம் மடங்கி, குதிகால் மேலெழுந்து நிற்கும் குறையை வளைபாதம் என்பர். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை உண்டு. இதற்குக் கிரகணத்தைப் பழிப்பாரும் தாயைப் பழிப்பாரும் நம்மிடையே உளர். இரண்டும் பொருந்தா.

அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி இதற்கு எளிய வழி கண்டார். வாரந்தோறும் பாதத்தை மெல்லத் திருத்தி மாவுக்கட்டு இடுவர். ஐந்தாறு கட்டுகளுக்குப் பின், பெரும்பாலோர்க்குக் குதிகால் நாணை வெட்டி விடுவர். பிறகு, கம்பியால் இணைத்த காலணிகளை மூன்று மாதம் இரவும் பகலும், அதன்பின் நான்கைந்து வயதுவரை உறங்கும்போதும் அணிவிப்பர்.

வளைபாதம் கண்ணுக்குத் தெரியும். இடுப்பின் குறையோ தெரியாது. தொடையெலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் பொருந்தியிருப்பதைப் பந்துக்கிண்ண மூட்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சில குழந்தைகளுக்குக் கிண்ணம் ஆழமின்றி அமைவதால் பந்து நழுவுகிறது. வலியில்லை, ஆதலால் குழந்தை அழுவதுமில்லை. நடக்கத் தொடங்கிய பின்னரே சாய்நடை காட்டிக் கொடுக்கும்.

வளைபாதமுள்ளோர்க்கு இக்குறை மிகுதியா என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த கருத்தில்லை. எனினும், அக்குழந்தைகளின் இடுப்பையும் கையால் சோதிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. இத்தாலிய மருத்துவர் ஓர்டோலானி 1937இலும், ஆங்கில மருத்துவர் பார்லோ 1962இலும் வெளியிட்ட சோதனைகள் இன்றும் பயன்படுகின்றன. கால் முன்வரப் பிறந்த குழந்தை, பெண் குழந்தை, குடும்பத்தில் இக்குறை உள்ள குழந்தை ஆகியோர்க்குக் கூடுதல் கவனம் வேண்டும். முதல் சில மாதங்களில் எலும்பு முற்றாமையால், எக்ஸ்ரேயைவிட ஒலியலைப் படமே தெளிவு தரும். ஆறு மாதத்திற்குள் கண்டால் பெரும்பாலும் வார்ப்பட்டையே போதும். தாமதித்தால் அறுவை நேரலாம்.

குழந்தையின் கால்களை நீட்டி இறுகச் சுற்றுவது இடுப்புக்குத் தீங்கு. நம் தாய்மார் குழந்தையைக் கால் அகற்றி இடுப்பில் சுமக்கும் வழக்கமோ அம்மூட்டுக்கு உகந்தது.

மத்திய அரசு 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில், பிறவிக் குறைகளின் பட்டியலில் இவ்விரண்டும் இடம் பெற்றுள்ளன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து சோதிக்கும் திட்டம் அது. திருமுடிவாக்கம் போன்ற ஊர்களில், தொழிற்பேட்டை வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் இதனை அறியாதிருக்கலாம். அறிந்த நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். மாவுக்கட்டுப் போட வரும் குழந்தைக்கு, "இடுப்பையும் பார்த்தீர்களா?" என்று பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வி, அதன் வாழ்நாள் நடையையே காக்கக்கூடும்.