வீட்டுக்கு வந்த கந்தோர்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கோவிட்-19 என்னும் கொள்ளைநோய் பரவாதிருக்கும் பொருட்டு எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. அதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. அரசாங்க ஊழியரும் தனியார் நிறுவன ஊழியரும் வீட்டிலிருந்தவாறே கடமையாற்ற வேண்டுமென்ற அறிவித்தலும் அந்நாட்களிலேயே வெளிவந்தது. காலையிற் பிரிந்து மாலையிற் கூடிப் பழகிய குடும்பங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே கூரையின் கீழ் அடைபட்டன. கந்தோர் வீட்டுக்கு வந்தது. பாடசாலையும் வீட்டுக்கு வந்தது. வந்த விருந்தாளிகளை எங்கே இருத்துவது என்பதே வீட்டார் எதிர்நோக்கிய முதற் கேள்வி.

ஊரடங்கு என்னும் சொல் இந்நாட்டு மக்களுக்குப் புதிதன்று. கலவரக் காலங்களிலும், நெடிய போர்க் காலத்திலும் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்குண்டு. ஆனால் அந்நாட்களில் அபாயம் வெளியே இருந்தது, வீடு புகலிடமாயிற்று. உற்றார் உறவினர் ஒரே வீட்டிற் கூடியிருப்பது துணிவைத் தந்தது. 2020 இல் நிலைமை தலைகீழாயிற்று. படலையில் வந்து நின்ற உறவினரே நோயைக் கொண்டுவரக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. பேரன் பாட்டனின் மடியில் ஏறலாகாது என்றனர். மரண வீட்டுக்குப் போக முடியாமல் தொலைபேசியிலே துக்கம் விசாரித்தவர் பலர். கூடியிருந்து துயராறும் வழக்கமுடைய மக்களுக்கு இதுவே எல்லாவற்றிலும் கடினமான பயிற்சியாக இருந்தது.

நோயுற்றோரையும் நோய்க்கு இலக்காகக் கூடியவரையும் பிரித்து வைத்தல் மிகப் பழைய முறை. இத்தாலியின் வெனிஸ் நகரத்தார் கொள்ளைநோய்க் காலத்திலே கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தினர். ஐரோப்பிய மொழிகளிலே தனிமைப்படுத்தலைக் குறிக்கும் சொல் அந்த நாற்பதிலிருந்தே பிறந்தது. இலங்கையில் 1897 ஆம் ஆண்டிலேயே தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் வந்த இந்நோயையும் நாடு அச்சட்டத்தைக் கொண்டே எதிர்கொண்டது. ஆகவே அடைத்து வைத்தல் புதுமையன்று. அடைபட்டிருக்கும்போதே கந்தோரும் வகுப்பும் நிற்காமல் நடைபெற வேண்டும் என்ற எதிர்பார்ப்பே புதுமையானது. இணையமும் கைத்தொலைபேசியும் அவ்வெதிர்பார்ப்புக்கு இடமளித்தன.

வேலைக்குப் போகும் வழியை மக்கள் வீண்பொழுதென்றே எண்ணி வந்தனர். நெரிசல் மிக்க பஸ் வண்டியிலும் புகைவண்டியிலும் நின்றுகொண்டே பயணஞ் செய்தவர், அப்பயணம் இல்லாதொழிந்தபோது முதலில் மகிழ்ந்ததும் இயல்பே. ஆயின் சில நாட்களில் ஓர் உண்மை புலப்பட்டது. வழியும் வேலையின் ஒரு பகுதியே. வீட்டுப் படலையைக் கடந்து கந்தோர் வாயிலை அடைவதற்கிடையில் ஒருவர் தந்தை என்ற நிலையிலிருந்து உத்தியோகத்தர் என்ற நிலைக்கு மாறுகின்றார். மாலையில் அதே வழியிலே மீண்டும் தந்தையாகின்றார். பாடசாலை மணி பிள்ளைகளுக்கு அப்பணியைச் செய்கின்றது. வழியும் மணியும் மறைந்தபோது நாளின் எல்லைகள் அழிந்தன. சிலர் நண்பகல் வரை சோம்பியிருந்து நள்ளிரவில் வேலை செய்தனர். வேறு சிலர் விழித்திருக்கும் நேரமெல்லாம் வேலை செய்தும் எதையும் முடிக்காதவர்போல் உணர்ந்தனர்.

எடுத்துக்காட்டாக யாழ்ப்பாணத்து வீடொன்றைக் கருதலாம். அம்மாவட்டம் அபாய வலயங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டமையால் ஊரடங்கு அங்கே வாரக் கணக்கில் நீண்டது. தந்தை வங்கியிற் கணக்குப் பகுதி உத்தியோகத்தர், தாய் ஆசிரியை. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள். மகன் ஐந்தாம் வகுப்பு மாணவன். பாட்டியாரும் உடன் உறைகின்றார். வீட்டிலிருப்பவை வங்கி கொடுத்த மடிக்கணினியொன்றும் கைத்தொலைபேசிகள் இரண்டும். காலை ஒன்பது மணிக்கு வங்கியின் கூட்டம், தாயின் வகுப்பு, மகளின் வகுப்பு, மகனின் வகுப்பு ஆகிய நான்கும் ஒருங்கே தொடங்குகின்றன. அடுப்பிலே சோறு கொதிக்கின்றது. முதற் கிழமை அவ்வீட்டில் எழுந்த சச்சரவுகளை எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய வீடுகள் பல, எவரும் கற்பியாமலே சில ஒழுங்குகளைக் கண்டுகொண்டன. முதலாவது, சுவரில் ஒட்டிய நேரசூசி. எந்த மணிக்கு எந்தக் கருவி யாருக்கு என்பது அதில் எழுதப்பட்டது. இரண்டாவது, இடம். விறாந்தையின் ஒரு மூலையோ சன்னலோரத்து மேசையோ வேலைக்கென ஒதுக்கப்பட்டது. படுக்கையில் இருந்தவாறு வேலை செய்பவர்க்கு உறக்கமும் கெடும், வேலையும் கெடும் என்பது அனுபவத்தில் விளங்கியது. மூன்றாவது, காலையிற் குளித்து வெளியுடை உடுத்துக்கொண்டு அமர்தல். எவர் பார்க்கப் போகின்றார் என்று கேட்டவரும், அது பிறர் பார்ப்பதற்கன்றித் தம் மனத்துக்கே என்பதைப் பின்னர் உணர்ந்தனர். நான்காவது, முடிக்கும் நேரம். மாலை ஐந்து மணிக்குக் கணினியை மூடி அலுமாரியில் வைத்தல் என்னும் சிறிய செயல், கந்தோர்க் கதவைப் பூட்டுவதற்கு ஈடாயிற்று.

இவ்வொழுங்குகளுள் மிகக் கடினமானது வீட்டுவேலையைப் பங்கிடுதலாகும். கந்தோர் வீட்டுக்கு வந்தபோது ஆணுக்கு ஒரு வேலையே வந்தது. பெண்ணுக்கோ முன்னிருந்த வேலைகளோடு இன்னுமொன்று சேர்ந்தது. மூன்று வேளைச் சமையல், பிள்ளையின் பாடம், முதியோரின் மருந்து, இவற்றினிடையே தன் வகுப்பு என அவள் ஓடவேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்குப் பெற்றோர் அனுப்பும் வினாக்களுக்கும் ஆசிரியை விடையளிக்க நேர்ந்தது. தேங்காய் துருவவும் பாத்திரங் கழுவவும் ஆண்கள் முன்வந்த வீடுகளிலே ஊரடங்கு ஒருவாறு இனிதே கழிந்தது. முன்வராத வீடுகளில் அக்காலத்தைப் பெண்களே சுமந்தனர்.

வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைகள் ஒரு சிலவே என்பதையும் இங்கு மறத்தலாகாது. கடலுக்குப் போகாமல் மீன் பிடிக்க இயலாது. மலைநாட்டுத் தோட்டங்களிலே ஊரடங்குக் காலத்திலும் கொழுந்து பறித்தல் நடைபெற்றது. தாதியரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குடும்பநல உத்தியோகத்தரும் படலை தோறும் சென்றனர். வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வழங்கிய ஐயாயிரம் ரூபாவைச் சேர்ப்பிக்கக் கிராம உத்தியோகத்தர் அலைந்தனர். மாதாந்தம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குச் செல்வோரின் மருந்துகளைத் தபாற்காரர் வீடு தேடிக் கொணர்ந்தனர். சந்தை மூடப்பட்டதால் மரக்கறியை விற்க வழியின்றி வாடிய விவசாயியும், வேலிக்கு அப்பால் அதே மரக்கறிக்கு ஏங்கிய குடும்பமும் ஒரே ஊரில் இருந்தனர். அவ்விருவரையும் இணைத்தவை தெருத்தெருவாய்ச் சென்ற சிறு வண்டிகளே. மேசை முன் அமர்ந்து வேலை செய்தவரின் பாதுகாப்பு, அமர முடியாதவரின் உழைப்பின்மேல் எழுந்து நின்றது.

பிள்ளைகளின் கல்வியிலேயே இவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பாடசாலைகள் ஜூலையிற் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டன. ஒக்டோபரில் நோய் மீண்டும் பரவ, மறுபடி மூடப்பட்டன. டிசம்பரில் நடைபெறவேண்டிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலேயே நடைபெற்றது. 2021 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்ட பாடசாலைகளோ ஒக்டோபர் 21 ஆம் திகதி முதலே, சிறிய ஆரம்பப் பாடசாலைகளை முன்னிட்டு, படிப்படியாகத் திறக்கப்பட்டன. இவ்வளவு காலமும் பாடங்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசி வழியே சென்றன. ஆசிரியர் கரும்பலகைக்குப் பதிலாகத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினர். இணையக் கட்டணத்தைத் தம் கைப்பணத்திலிருந்து செலுத்தியோர் பலர்.

அப்பாடம் எந்த வீட்டைச் சென்றடைந்தது? ஒரேயொரு தொலைபேசி உள்ள வீட்டில் அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்கின்றார். பகலில் அனுப்பிய பாடத்தை அவர் திரும்பிய பின்னரே பிள்ளை காண்கின்றது. மூன்று பிள்ளைகள் இருப்பின் மூன்றாவது பிள்ளையின் முறை வருமுன் உறக்கம் வந்துவிடுகின்றது. தோட்டத்து லயன் அறையிலே அத்தகைய தொலைபேசியே இல்லாத குடும்பங்கள் இருந்தன. ஊவா மாகாணத்தின் பொஹிட்டியாவ என்னும் ஊரிலே ஆசிரியரும் மாணவரும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் பற்றைக்காட்டு வழியே நடந்து, பாறையின் உச்சியில் ஏறியே இணையத்தைப் பெற்றனர் என்ற செய்தி 2021 இல் உலகெங்கும் பரவியது. அவர்களின் ஊக்கம் போற்றத்தக்கது. எனினும் பாடம் படிப்பதற்குப் பிள்ளை பாறை ஏறவேண்டியிருந்தது என்பது போற்றிவிட்டு மறக்கும் செய்தியன்று.

இந்நிலை வேறு காலத்திலும் வேறு நாட்டிலும் தோன்றியதே. 1937 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பாடசாலைகளைத் திறவாமல் வானொலி வாயிலாகப் பாடம் நடத்தினர். ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகளுக்காக அவ்வொலிபரப்பு நடைபெற்றது. பத்திரிகைகள் பாடக் குறிப்புகளை வெளியிட்டன. அங்கும் வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினர். யாழ்ப்பாணத்திலே 1990 ஆம் ஆண்டின் பின்னர் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், பிள்ளைகள் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் இட்டு ஏற்றிய விளக்கொளியிற் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அக்காலத்தில் ஒரு வீட்டு விளக்கைச் சுற்றி அயல்வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்தனர். 2020 இல் அவ்வாறு அமரவும் நோய் இடங்கொடுக்கவில்லை. ஆகவே அயலாரின் உதவி வேறு வடிவம் பெறவேண்டியதாயிற்று. பாடங்களை நிழற்பிரதி எடுத்துக் கடைகளிலும் படலைகளிலும் வைத்துச் சென்ற ஆசிரியரும், பாவித்த தொலைபேசிகளைச் சேகரித்து வழங்கிய பழைய மாணவரும், இல்லாதவனுக்காகக் குறிப்பெழுதிக் கொடுத்த மாணவத் தோழரும் பழைய விளக்கின் வெளிச்சத்தையே புதிய முறையில் நீட்டினர்.

இவை முடிந்துபோன கதைகள் என்று எண்ணுவதற்கில்லை. நோய் தணிந்த பின்னர், 2022 ஜூன் மாதத்தில் எரிபொருள் இல்லாமையால் அரச ஊழியர் பலர் மீண்டும் வீட்டிலிருந்து வேலை செய்யப் பணிக்கப்பட்டனர். நகரப் பாடசாலைகள் மீண்டும் இணையவழிக்குச் சென்றன. அம்முறை மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. காரணம் நோயாயினும், எரிபொருளாயினும், வெள்ளமாயினும், கதவடைக்கும் நாள் இன்னொரு முறை வரக்கூடும்.

அந்நாளுக்கென ஆயத்தமாதல் கருவிகளை வாங்குவதுடன் முடிவதன்று. வீடு தன் நேரத்தையும் வேலையையும் நீதியாகப் பங்கிடப் பழகவேண்டும். பாடசாலை, தன் மாணவருள் எவர் வீட்டிற் கருவி உண்டு, எவர் வீட்டில் இல்லை என்ற பட்டியலை அமைதியான நாட்களிலேயே ஆயத்தஞ் செய்து, இல்லாதவருக்கு அச்சிட்ட பாடத்தையோ வானொலிப் பாடத்தையோ சேர்ப்பிக்கும் வழியை முன்கூட்டியே வகுத்திருக்கவேண்டும். கந்தோர் வீட்டுக்கு வரலாம். வந்த கந்தோர் மாலையில் விடைபெற்றுச் செல்லவும் வேண்டும். பாடசாலை வீட்டுக்கு வரலாம். ஆனால் அது எல்லா வீட்டுக்கும் வரவேண்டும். ஒரு வீட்டை அது தாண்டிச் செல்லுமாயின், அவ்வீட்டுப் பிள்ளைக்கு ஊரடங்கு இன்னும் நீங்கவில்லை என்பதே பொருள்.