கடல் கடந்த புதுச்சேரி – 9: தொண்ணூறு நாள் கணக்கு

1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது புதுச்சேரிக்காரர்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். சும்மா இருந்தவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி கொடுக்காமல் விட்ட குடும்பம் என்றால், இன்று அண்ணன் வழிப் பேரன் டிக்கெட் எடுத்தாலே பாரிஸ் போய்விடலாம். தம்பி வழிப் பேரன் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

எந்த விசா? படிப்பு, வேலை, கல்யாணமாகிக் குடியேறுவது எல்லாம் 'டி' எனும் நீண்டகால விசா. அதைப் பிரான்ஸ் தன் சட்டப்படி தருகிறது. 90 நாளுக்குள் திரும்புகிறவர்களுக்கு, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் பொதுவான 'சி'. “முதலில் டூரிஸ்டா போங்க, அங்கே மாத்திக்கலாம்” என்று சொல்லும் ஆளிடம் பணம் கட்டுவதைவிடக் கடலில் போடலாம்.

'சி' விசா கேட்பவர்களில் எனக்குப் பிடித்த கூட்டம், மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள். மகள் அங்கே தன் ஊர் மேரியில், அதாவது நம் கடற்கரைச் சாலை மேரி மாதிரியான நகராட்சி அலுவலகத்தில், 'என் வீட்டில் தங்கவைக்கிறேன்' என்று சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு வரிவில்லை வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டில் இடமிருக்கிறதா என்றும் விசாரிப்பார்கள். அம்மா இங்கே 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்து, 90 யூரோ கட்டணம் கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் அந்தக் கட்டணம் திரும்பாது.

விசா கிடைத்த பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. ஸ்டிக்கரில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை' என்று இருக்கும். பக்கத்திலேயே தங்கும் நாள் எண்ணிக்கை தனியாக இருக்கும். முதலாவது, கதவு திறந்திருக்கும் காலம். இரண்டாவதுதான் உள்ளே இருக்கக்கூடிய நாள்கள். ஓராண்டு விசா என்றால் ஓராண்டு தங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே விதி. மார்ச் 1-ல் பாரிஸில் இறங்கும் அம்மா, மே 29-க்குள் விமானம் ஏறியாக வேண்டும். இறங்கும் நாளும் ஏறும் நாளும் கணக்கில் சேரும். பல நுழைவு விசா கையில் இருந்தாலும் அடுத்து உள்ளே போக முடிவது ஆகஸ்ட் 28-ல்தான். நடுவில் சுவிட்சர்லாந்துக்குப் போனாலும் அதுவும் ஷெங்கன்தான், நாள் ஓடிக்கொண்டே இருக்கும். லண்டனுக்குப் போனால் (அதற்கு வேறு விசா) நாள் ஓடாது. ஆனால் ஓடிய நாள் அழிந்துவிடாது. முன்பெல்லாம் முத்திரையை விரலால் எண்ணிக் கணக்குப் பார்த்தார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில் முகப்படம், கைரேகையோடு கணினி எண்ணுகிறது. ஒரு நாள் அதிகமானாலும் அதற்குத் தெரியும்.

ஒழுங்காகப் போய்வந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2024 ஏப்ரல் முதல் இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்கள், மூன்றாண்டில் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டாண்டுப் பல நுழைவு விசாவும், அதன்பின் ஐந்தாண்டு விசாவும் பெற வழி பிறந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் அவ்வளவு காலம் மிச்சம் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் இரண்டு மூன்று இருக்கும் பாட்டிகளுக்கு இது பெரிய நிம்மதி.

ரெயூனியன் தீவில் சொந்தம் உள்ளவர்கள் கவனிக்க. அது பிரான்ஸின் மாவட்டமே என்றாலும் ஷெங்கனுக்குள் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய விசாவோடு பொதுவாக அங்கே இறங்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே தனியாகக் கேட்க வேண்டும்.

அண்ணன் வழிப் பேரனையும் விட்டுவிட முடியாது. முத்தியால்பேட்டையில் தாத்தா வீட்டைப் பார்க்க வர அவனுக்கு இந்திய விசா வேண்டும், அல்லது ஓசிஐ எனும் 'இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்' அட்டை. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் அந்த அட்டைச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)