கொல்லிமலைக்குச் சைக்கிளில்

மார்கழி, தை மாதக் காலைகளில் நாமக்கல் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவர்களைச் சுண்டி இழுப்பது கொல்லிமலைச் சாலை. சேந்தமங்கலம் தாண்டினால் வேலிகாத்தான் முள்ளும் வறண்ட கரடுமாக நிலம் விரியும். காரவல்லி அடிவாரத்தில் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை உண்டு, எண்ணிக்கொண்டே ஏறலாம். உயரம் கூடக்கூட முள்காடு பின்தங்கி, காபியும் மிளகும் மணக்கும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஏறும்போது வியர்வை, இறங்கும்போது நடுக்கம். அதற்கு ஓர் எளிய வழி, சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்வது. குளிர்காற்றைத் தாள் தடுத்துவிடும். பிரான்ஸ் மலைப் பந்தய வீரர்களின் பழைய வழக்கம் இது.

இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கிப் பிடிக்காதீர்கள், சூடேறிவிடும். விட்டுவிட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மேலேறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். தலைக்கவசம் கட்டாயம் அணியுங்கள்.

மலை எங்கும் போய்விடாது. நிதானமாக ஏறி, பத்திரமாக இறங்குங்கள்!