பிடுங்கிய பிறகும் வலிக்கிற பல்

பல் வைத்தியம் படித்தவர்களிடம் ஹரால்ட் லோ என்று சொன்னால் இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நோர்வேயில் பிறந்த அந்த ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 1970இல் மலையகத்துக்கு வந்து, டன்சினன், ஹரோ தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். பிரஷ் பிடிக்காத, பல் வைத்தியரைக் காணாத வாயில் முரசு (ஈறு) நோய் தன்போக்கில் எப்படி வளரும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 100 பேரில் 8 பேருக்கு வேகமாகவும் 81 பேருக்கு நிதானமாகவும் நோய் முற்றியது. மீதி 11 பேருக்கு முரசு வீங்கியதோடு நின்றுவிட்டது. இன்றும் முரசு நோய்ப் பாடம் இந்த ஆய்வைத் தொடாமல் நகராது.

பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் இதைப் படித்தபோது எங்கள் ஆட்களின் வாய் உலகத்துக்கே பாடமாகியிருக்கிறது என்று பெருமைப்பட்டேன். ஹட்டன் பக்கத்தில் அரசாங்க வைத்தியசாலையில் பல் வைத்தியராக வேலைக்கு வந்த பிறகு அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லித்தந்தது. முரசு நோய் பெரும்பாலும் வலிக்காமலேதான் எலும்பைத் தின்னும். பல் ஆடத் தொடங்கும்வரை ஆளுக்குத் தெரியாது. நோய் இருந்தும் வலி இல்லாத வாய் அது. அதற்கு நேர்மாறான வாய்களையும் நான் பார்க்கிறேன். பல்லில் நோயே இல்லை, ஆனால் உயிர் போகிற வலி. அந்த வாய்களுக்குத்தான் நம் நாட்டில் அதிக அநியாயம் நடக்கிறது.

கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா வந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வலது பக்கம் மேல் வரிசையில் மூன்று கடைவாய்ப் பற்கள் இல்லை. மூன்றும் வெவ்வேறு இடங்களில் பிடுங்கியவை.

"ஒவ்வொன்னு புடுங்கினதும் ரெண்டு கிழமைக்கு நல்லாருக்கும் டொக்டரம்மா. பொறகு பக்கத்துப் பல்லுக்குப் போயிருது. இதையும் புடுங்கி விட்டுருங்க."

"வலி எப்படிம்மா வருது?"

"கரண்ட் அடிச்சாப்ல. காலையில மலைக்குப் போகையில காத்து பட்டாலே போதும். மொகம் கழுவப் பயமா இருக்கு."

அவர் காட்டிய பல்லைத் தட்டிப் பார்த்தேன், குளிர் வைத்துப் பார்த்தேன், எக்ஸ்ரே எடுத்தேன். பல்லில் ஒரு குறையும் இல்லை. கன்னத்தில் மூக்கோரமாகப் பஞ்சால் லேசாகத் தொட்டதும் முகம் சுருங்கி, சில விநாடி பேச்சு வரவில்லை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்தார். இது முகத்துக்கு உணர்வு தரும் முக்கிளை நரம்பில் வரும் வலி. ஐம்பது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நுவரெலியாக் குளிர்காற்று, பல் தீட்டுவது, ஒரு வாய்ச் சோறு மெல்லுவது, எதுவும் அதைக் கிளப்பிவிடும். இடையில் தானாகவே நாட்கணக்கில், மாதக்கணக்கில் அடங்கியும் இருக்கும். பல் பிடுங்கிய கையோடு அப்படி அடங்கினால், பிடுங்கியதால்தான் குணமானது என்று நோயாளியும் நம்புவார், வைத்தியரும் நம்புவார்.

பனடோலுக்கு இந்த வலி கேட்காது. 1962இல் ப்ளோம் என்ற வைத்தியர், வலிப்பு நோய்க்கான கார்பமசெபின் இதை அடக்குவதாக எழுதினார். இன்றும் முதல் மருந்து அதுதான். தலைசுற்றும், இரத்தப் பரிசோதனை வேண்டும், ஆகவே கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது. நரம்பை இரத்தக்குழாய் அழுத்துகிறதா, கட்டி ஏதும் உண்டா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. இந்த அவதி தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. 1677இல் பாரிஸில், தத்துவஞானியும் வைத்தியருமான ஜோன் லொக் இங்கிலாந்துத் தூதுவரின் மனைவியை இதே வலியோடு பார்த்துக் குறிப்பெழுதி வைத்தார். அந்தச் சீமாட்டிக்கும் பல் பிடுங்கியிருந்தார்கள், வலி போயிருக்கவில்லை.

வலி ஏன் இப்படி இடம் மாறித் தெரிகிறது? பல், தாடை மூட்டு, கன்னத் தசை, நெற்றி என்று முகம் முழுவதிலும் இருந்து வரும் வலிச்செய்தி மூளைத்தண்டில் ஒரே பகுதியில் போய்ச் சேர்கிறது. கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் அங்கேயேதான் வருகின்றன. பல மலைகளில் எடுத்த கொழுந்து மடுவத்தில் ஒன்றாகக் கொட்டிய பிறகு எது எந்த மலைக் கொழுந்து என்று சொல்ல முடியாதல்லவா, மூளையின் நிலையும் அதுதான்.

கன்னத்தில் பல்லைக் கடிக்கும்போது புடைக்கும் தசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், "இந்தப் பல்லுதான், இதுதான்" என்று கடைவாய்ப் பல்லைக் காட்டுகிறவர்கள் உண்டு. வலி தசையில், தெரிவது பல்லில். கழுத்து, தோள் தசைகள் இறுகினால் வலி தாடை மூலைக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும். கூடைக்கயிறு தலையில் மாட்டி மலை ஏறுகிற ஒருத்தரின் வாயைப் பார்ப்பதோடு அவருடைய வேலையையும் கேட்டாக வேண்டும். சந்தேகம் இருந்தால் பல்லுக்கு விறைப்பூசி போட்டுப் பார்ப்போம். பல் விறைத்த பிறகும் வலி அப்படியே இருந்தால், பெரும்பாலும் அந்தப் பல் குற்றவாளி அல்ல.

வெற்றிலை போடுகிறவர்களின் கதை வேறு. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் இறுக்கம் என்பவை பாக்கு தரும் எச்சரிக்கைகள். ஆரம்பத்தில் புற்றுப்புண் வலிக்காது, காதுவரை வலி எடுக்கையில் காலம் கடந்திருக்கலாம். வலியின் காரணம் வாயிலேயே இல்லாமலும் போகலாம். மலை ஏறும்போது தாடை வலித்து, நின்றால் அடங்கினால் அது இதய வலியாகவும் இருக்கலாம். அந்த ஆளை உடனே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்ப வேண்டும்.

இத்தனையையும் பிரித்தறிவது ஒரு தனிப்படிப்பு. அமெரிக்காவில் 2020 மார்ச் 31இல் வாய்-முக வலி பல் மருத்துவத்தின் 12ஆவது சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. பட்டம் பெற்ற பல் வைத்தியர் குறைந்தது 2 ஆண்டுகள் முழுநேரமாக வலி நோயாளிகளையே பார்த்துப் பயில்கிறார். நரம்பு, தலைவலி, தூக்கம், மனநலம் பற்றியும் அதில் படிக்கிறார். நோயாளி சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது, தசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அறிவது, மருந்து, தாடைப் பயிற்சி, இரவில் போடும் கடிதட்டு என்று எது யாருக்கு என முடிவெடுப்பது எல்லாம் பயிற்சியில் அடங்கும். அதே 2020இல் முகவலிகளுக்கென்று தனிச் சர்வதேச வகைப்பாடும் வெளிவந்தது. இந்தியாவில் 3 ஆண்டு எம்.டி.எஸ். வாய் மருத்துவப் படிப்பில் இதன் ஒரு பகுதி இருக்கிறது. எங்களுக்குப் பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் வாய் மருத்துவத் துறை உண்டு.

ஆனால் பேராதனை ஹட்டனிலிருந்து மலையிறங்கிப் போகிற தூரம். வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து போய்வர ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அதனால்தான் நோயாளி இன்றைக்கே பிடுங்கச் சொல்கிறார். வெளியே வரிசை நிற்கும்போது வைத்தியருக்கும் அரைமணி நேரம் உட்கார்ந்து கதை கேட்க முடிவதில்லை. அந்த அம்மாவுக்கு மூன்று பல் போனதற்கு ஒருவருடைய கவனக்குறைவு மட்டும் காரணம் அல்ல, இந்த அவசரமும் காரணம்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. டிக்கோயா வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் 150 கட்டில்களோடு புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் முகவலி படித்த ஒரு பல் வைத்தியர் மாதத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும். வலிப் பயிற்சி பெறுகிற இளம் பல் வைத்தியர்களின் பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதி மலையகத்தில் கழிய வேண்டும். முரசு நோயைப் பற்றி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த மக்களுக்கு இந்தப் படிப்பின் பலன் கிடைப்பது சலுகை அல்ல, நியாயம்.

வாசகர்களுக்கு ஒன்று. வலிக்கிற பல்லை ஒரு விரலால் காட்ட முடியவில்லையா, கரண்ட் அடிப்பதுபோல் வந்து போகிறதா, ஏற்கெனவே ஒரு பல் பிடுங்கியும் வலி நிற்கவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த பல்லைக் கொடுக்காதீர்கள். "இந்தப் பல்லுல என்ன நோய்னு எக்ஸ்ரேயில காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால், பேராதனைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போங்கள்.